புயலுக்கு அப்புறம் ஊருக்கு என்ன செய்யலாம்? கஜா புயல் நிவாரண வேலை பார்த்த ஒருத்தர்கிட்ட கேள்வி பதில்

ஐப்பசி பொறந்து வானிலை மேப்புல ஒரு சுழி தெரிஞ்சாலே எனக்கு இதே கேள்விகள் வந்து குவியுது, அதான் இந்த தடவ மொத்தமா ஒரே இடத்துல சொல்லிடலாம்னு உக்காந்துட்டேன். 2018 நவம்பர் 16 விடியக்காலைல கஜா வேதாரண்யம் பக்கமா கரையேறுச்சு, அப்போலருந்து பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஆலங்குடி பக்கத்து கிராமங்கள்ல நிவாரண வேலை பார்த்தவன் நான். ஆபீசரும் இல்ல, விஞ்ஞானியும் இல்ல. தெரிஞ்சத சொல்றேன், கேளுங்க.

சென்னையில ஐடி வேலை பாக்குற தம்பி: அண்ணே, எங்க ஆபீஸ்ல வசூல் பண்ணி ஒரு லாரி அரிசி, துணி, பிஸ்கட் அனுப்பலாம்னு இருக்கோம். எந்த ஊருக்கு விடட்டும்?

லாரி கிளம்புறதுக்கு முன்னாடி உள் கிராமத்துல ஒருத்தர புடிங்க தம்பி. கஜாவுல என்ன நடந்துச்சுன்னா தஞ்சாவூர்லருந்து பட்டுக்கோட்டை வர்ற மெயின் ரோட்டோரம் இருந்த ஊருக்கெல்லாம் ஒரே நாள்ல நாலஞ்சு வண்டி வந்து நிக்கும், அங்கருந்து உள்ள நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்குற ஊருக்கு ஒரு தண்ணி பாட்டில் கூட போயிருக்காது, ஏன்னா ரோடு பூரா மரம், பெரிய லாரி திரும்பவும் முடியாது. அந்த ஊர் சனம் என்ன பண்ணும், மெயின் ரோட்டுக்கு வந்து வண்டிய மறிச்சுச்சு. அத கொள்ளைன்னு டிவில போட்டாங்க. எனக்கு அந்த வார்த்தை இன்னைக்கும் புடிக்கல. நாலு நாளா புள்ளைக்கு பால் இல்லாதவன் ரோட்டுக்கு வராம எங்க போவான்?

அதனால லாரிய டவுன்ல ஒரு மண்டபத்துலயோ ரைஸ்மில்லுலயோ நிறுத்தி இறக்கிட்டு, அங்கருந்து டாடா ஏஸ், டிராக்டர்னு பிரிச்சு அனுப்புங்க. போற ஊர்ல எத்தனை வீடு, காலனி எத்தனை வீடுன்னு தனித்தனியா கேளுங்க. "எல்லாருக்கும் குடுத்துட்டோம்"னு ஊர் பெரியவர் சொன்னாலும் தெரு கடைசி வரைக்கும் நீங்களே நடந்து போய் பாருங்க, தெரு முடியுற எடத்துலதான் தெரியும் யாருக்கு கிடைக்கலன்னு.

பழைய துணி வேண்டவே வேண்டாம். ஸ்கூல் வராண்டாவுல மலையா கொட்டி, மழைல நனைஞ்சு, கடைசில ஊர்க்காரங்களே எரிச்சாங்க. தார்ப்பாய், கொசுவர்த்தி, மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, நாப்கின், புது உள்ளாடை, பால் பவுடர், டார்ச். தார்ப்பாய்க்கு கூடவே கயிறும் வாங்குங்க, இத எல்லாரும் மறந்துடுறாங்க.

கோயம்புத்தூர் அக்கா: எங்க மகளிர் குழுகிட்ட அம்பதாயிரம் ரூபாதான் இருக்கு. ஒரே ஒரு காரியம்தான் பண்ண முடியும்னா எதுங்க?

தண்ணிதாங்க்கா. கண்ண மூடிட்டு சொல்லுவேன். கஜாவுல ஒரு லட்சத்துக்கும் மேல கரண்ட் கம்பம் விழுந்துச்சு, கேரளா மாதிரி வெளி மாநிலத்துலருந்தெல்லாம் லைன்மேன்கள் வந்து சேத்துல நின்னு வேலை பார்த்தாங்க, அப்பவும் உள் ஊர்களுக்கு கரண்ட் வர வாரக்கணக்கு ஆச்சு. போர்வெல்ல தண்ணி இருக்கும், டேங்க்கும் நிக்கும், ஆனா மோட்டார் ஓடாது. அதனால ஒரு ஜெனரேட்டர வாடகைக்கு எடுத்து டிராக்டர்ல ஏத்தி ஊர் ஊரா போய் ஓவர்ஹெட் டேங்க்க நெப்பி விட்டாலே போதும், ஊருக்கு பாதி உசுரு வந்துரும். மோட்டாரோட எச்பிய முன்கூட்டியே கேட்டு அதுக்கு தாங்குற ஜெனரேட்டரா எடுங்க. ஒரு டேங்க் நெறையுறதுக்குள்ள ஊரே செல்போன தூக்கிட்டு சார்ஜ் போட வந்துரும், ஒரு நீள எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கையோட வச்சுக்கோங்க. அந்த நேரத்துல ஒரு போன் சார்ஜுக்கு காசு வாங்குனவங்களும் உண்டு, அத பத்தி பேசுனா நீளும்.

ஒரு விஷயம் ரொம்ப முக்கியம். மோட்டாருக்கு வர்ற ஈபி லைன மெயின்ல ஆஃப் பண்ணா மட்டும் பத்தாது, வயர கழட்டி விட்டுட்டுதான் ஜெனரேட்டர் வயர குடுக்கணும். இல்லன்னா கரண்ட் ரிட்டன் ஆகி லைன்ல ஏறும், அங்க கம்பத்து மேல ஒருத்தன் இருப்பான். எலக்ட்ரீசியன் இல்லாம இந்த வேலைய தொடாதீங்க.

அதே அக்கா: ப்ளீச்சிங் பவுடர் எவ்வளவு போடணும்?

ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம், அதாவது முப்பதாயிரம் லிட்டர் டேங்க்குக்கு 120 கிராம். அப்படியே கொட்டக்கூடாது. வாளில தண்ணி ஊத்தி கரைச்சு, சுண்ணாம்பு அடில தங்குற வரைக்கும் விட்டு, மேல தெளிஞ்ச தண்ணிய மட்டும் டேங்க்ல ஊத்தணும், அரை மணி நேரம் ஒரு மணி நேரம் கழிச்சுதான் திறந்து விடணும். கட்டிதட்டிப் போன, வாசனையே இல்லாத பழைய பவுடர் வேஸ்ட்.

திருச்சி காலேஜ் பசங்க: நாங்க இருவது பேர் மரம் வெட்ட வர்றோம், அரிவாள் எடுத்துட்டு வரவா?

வாங்கப்பா, ஆனா அரிவாள வச்சு தென்னைய என்ன பண்ணுவீங்க, மெஷின் வாள் வேணும், அத புடிச்சு பழகுன ஆளும் வேணும். வேரோட சாஞ்ச மரத்த நடுவுல அறுக்கும்போது மேல் பாரம் போனதும் அடிமரம் வேர்க்கட்டோட டக்குனு நிமிரும், அந்த குழிப்பக்கம் சின்ன பசங்க வேடிக்கை பாத்துட்டு நிக்குறத நெறைய தடவ விரட்டி விட்டிருக்கேன். ஒன்னு மேல ஒன்னு விழுந்து கிடக்குற மரம் இன்னும் மோசம், எது எத தாங்கி நிக்குதுன்னு வெளில இருந்து பாத்தா தெரியாது. ஒயர் மாட்டிருந்தா கரண்ட் இல்லன்னு யார் சொன்னாலும் நம்பாதீங்க. மெஷின் இல்லாத பசங்க மட்டை இழுக்கலாம், கீத்து முடைய ஓலை பொறுக்கி குடுக்கலாம், பாதை ஒதுக்கலாம். அதுவே பெரிய வேலை.

ஒரத்தநாடு பக்கத்து விவசாயி: விழுந்த மரத்த அப்படியே தோப்புல கிடக்க விட்டா மக்கி உரமாயிடும்னு சொல்றாங்களே?

மக்கும்ணே, ஆனா அதுக்கு முன்னாடி காண்டாமிருக வண்டு குடும்பம் நடத்தும். மக்குற தென்னந்தண்டுதான் அதுக்கு முட்டை வைக்க சரியான எடம், உள்ள வெள்ளைப் புழுவா வளர்ந்து வண்டா வெளில வந்து நீங்க புதுசா வச்ச கன்னோட குருத்தையே துளைக்கும். கஜாவுக்கு அப்புறம் கட்டைய வாங்க ஆள் இல்லாம, கேட்டவனும் அடிமாட்டு விலைக்கு கேட்டு, நெறைய பேர் வரப்போரம் அடுக்கி வச்சுட்டாங்க. குருத்து ஓலை விரியும்போது கத்தரியால வெட்டுன விசிறி மாதிரி இருந்துச்சுன்னா வண்டு வந்தாச்சுன்னு அர்த்தம்.

அறுத்து வெளியேத்த முடிஞ்சா நல்லது, இல்லன்னா துண்டு போட்டு, வண்டுப் புழுவ கொல்ற மெட்டாரைசியம் பூஞ்சைய கரைச்சு ஊத்துங்க, வேளாண் ஆபீஸ்ல கேளுங்க. நிக்கிற மரத்துக்கு வேப்பங்கொட்டத் தூள் ஒரு பங்கு, மணல் ரெண்டு பங்கு கலந்து மரத்துக்கு 150 கிராம் குருத்தோட மேல் மூணு மட்டை இடுக்குல வைங்க.

பேராவூரணி பக்கத்து குத்தகைதாரர்: நான் பத்து வருசமா குத்தகைக்கு பாக்குற தோப்பு சார். நிவாரணம் யார் பேருக்கு வரும்?

நேரா சொல்றேன், பட்டா யார் பேர்ல இருக்கோ அவருக்குத்தான் போகும். கஜாவுல மரத்துக்கு 600, வெட்டி அகத்த 500, ஆக 1,100 ரூபா அறிவிச்சாங்க, ஹெக்டேருக்கு 175 மரம்னு கணக்கு. அடங்கல்ல, அதாவது விஏஓகிட்ட இருக்குற பயிர்க் கணக்குல, தென்னைன்னு பதிஞ்சிருக்கணும். கோயில் நெலம், புறம்போக்கு, வாய் வார்த்தை குத்தகை, இதுல இருந்தவங்கதான் வெயில்ல நின்னு மரம் வளத்தவங்க, லிஸ்ட்ல பேர் வராததும் அவங்களுக்குத்தான். வெளியூர் டிரஸ்டுகாரங்க இத படிச்சா ஒன்னு சொல்றேன், உங்க காச அரசாங்க லிஸ்ட்ட பாத்து குடுக்காதீங்க, அந்த லிஸ்ட்ல விட்டுப்போனவங்கள தேடிக் குடுங்க.

உங்களுக்கு என் யோசனை: மரத்த அகத்துறதுக்கு முன்னாடி சர்வே நம்பர் எழுதுன அட்டைய புடிச்சுக்கிட்டு தோப்போட நாலு மூலைலயும் போட்டோ எடுங்க. மரத்துக்கு சுண்ணாம்பால நம்பர் போடுங்க. விஏஓ கணக்கெடுக்க வரும்போது வீட்ல இருக்காதீங்க, கூடவே நடங்க. மனு குடுத்தா ரசீது இல்லாம திரும்பாதீங்க. நெலத்துக்காரர்கிட்ட பணம் வர்றதுக்கு முன்னாடியே பேசி, பாதின்னாலும் பாதி, எழுதி வாங்கிடுங்க, பணம் வந்த பிறகு பேச்சு வேற மாதிரி ஆயிடும்.

திருத்துறைப்பூண்டி தங்கச்சி: மாடு ஆடு செத்துடுச்சு, நாத்தம் வருது, புதைச்சிடலாமா அண்ணா?

கால்நடை டாக்டர் பாத்து சான்று எழுதாம புதைக்காதம்மா. கஜாவுல மாட்டுக்கு 30,000, ஆட்டுக்கு 3,000னு குடுத்தாங்க, சான்று இல்லாதவங்க அலைஞ்சாங்க. டாக்டர் வர லேட்டாகும்னா விஏஓவுக்கு சொல்லிட்டு, போட்டோ எடுத்துட்டு, கெணத்துக்கும் குளத்துக்கும் தள்ளி ஆழமா குழி வெட்டி சுண்ணாம்பு போட்டு மூடு.

மன்னார்குடி அக்கா: குழு லோன் கட்ட சொல்லி மைக்ரோபைனான்ஸ்காரங்க வீட்டு வாசல்ல வந்து உக்காந்துடுறாங்க. கூரையே இல்ல, எத கட்டுறது?

இதுதாங்க்கா என்ன கேட்டா புயல விட மோசமான புயல். கஜா முடிஞ்ச கொஞ்ச நாள்லயே ஆரம்பிச்சுட்டாங்க. இப்போ இருக்குற ரிசர்வ் பேங்க் விதிப்படி காலைல 9 மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் 6 மணிக்கு மேலயும் வசூலுக்கு வரக்கூடாது, மிரட்டக்கூடாது, அசிங்கமா பேசக்கூடாது. தனியா நின்னு பதில் சொல்லாதீங்க. குழுவா சேந்து ஒரே மனுவா எழுதி கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கிழமை குடுங்க, நகல் ஒன்னு மாவட்ட முன்னோடி வங்கி மேலாளருக்கு. இந்த ஆபீசர் எல்லா மாவட்டத்துலயும் இருக்கார், யாருக்கும் தெரியறதில்ல. பேங்க்ல வாங்குன பயிர்க்கடன் வேற கதை. கஜா சமயத்து விதிப்படி சேதம் 33 சதவீதத்துக்கு மேல இருந்தா கடன மாத்தி எழுதி ஒரு வருசம் தவணை தள்ளலாம், பாதிக்கு மேல போயிருந்தா அஞ்சு வருசம் வரைக்கும் நீட்டலாம். ஆனா தள்ளுபடி இல்ல, வட்டி ஓடும், அத கேட்டு தெரிஞ்சுக்கிட்டு கையெழுத்து போடுங்க.

பெங்களூர் நண்பர்: தென்னை விழுந்துச்சு, பனை நின்னுச்சு. பேசாம எல்லாரையும் பனை வைக்க சொல்லலாமே?

பனை நின்னது வாஸ்தவம், நானே பாத்தேன். ஆனா தோப்ப இழந்து உக்காந்திருக்கவன்கிட்ட போய் இத சொல்லாதீங்க சார். பனை காய்ப்புக்கு வர ரொம்ப வருசம் ஆகும், அதுவரைக்கும் அவன் பொண்ணு காலேஜ் பீஸ யார் கட்டுறது? நெட்டை தென்னையே காய்க்க ஆறேழு வருசம் புடிக்குது. கன்னு குடுக்கறத விட அந்த இடைப்பட்ட வருசங்களுக்கு உளுந்து, கடலை, வாழைன்னு ஊடுபயிருக்கு வெதையும் தண்ணியும் ஏற்பாடு பண்ணுங்க. பனைய குளக்கரைல வைங்க, தாராளமா.

அப்புறம் தென்னை இன்சூரன்ஸ். நாலுலருந்து பதினஞ்சு வயசு மரத்துக்கு பிரீமியம் 9 ரூபா, பதினாறுக்கு மேல 14 ரூபா, அதுல விவசாயி பங்கு கால்வாசிதான். மரம் போனா சின்னதுக்கு 900, பெருசுக்கு 1,750 ரூபா கிடைக்கும். நாம கட்டுறது ஒரு மரத்துக்கு டீக்காசு கூட இல்ல, ஆனா இப்படி ஒன்னு இருக்கறதே கஜாவுக்கு அப்புறம்தான் முக்காவாசி பேருக்கு தெரிஞ்சுச்சு.

வெளிநாட்டுல இருக்குற ஊர்க்காரர்: வசூல்ல கொஞ்சம் பணம் மிச்சம் இருக்கு. இப்போ அனுப்பவா, வச்சிருக்கவா?

வச்சிருங்கண்ணே. முதல் வாரத்துல எல்லாரும் வருவாங்க, தைப்பொங்கலுக்கு அப்புறம் ஒரு வண்டி வராது, நிஜமான கஷ்டம் அப்பத்தான் ஆரம்பிக்கும். பேராவூரணி பசங்கள பாருங்க, நிவாரணத்துக்குன்னு ஒன்னு சேந்தவங்க கைஃபான்னு சங்கம் ஆரம்பிச்சு 2019ல அவங்க ஊர் பெரியகுளத்த தூர் வார்ற வேலைல இறங்குனாங்க. மரம் போன ஊருக்கு தண்ணிய நிறுத்தி வைக்குறதுதான் அடுத்த பயிருக்கு வழி. உங்க ஊர்லயும் குளம் இருந்தா அதுக்கு ஒதுக்குங்க. மெஷின் வாடகை, டீசல் கணக்க ஊர்ல எல்லாரும் பாக்குற மாதிரி போர்டுல எழுதிப் போட சொல்லுங்க, அனுமதிய கலெக்டர் ஆபீஸ் மூலமா முதல்லயே வாங்கிடுங்க. வார்ற மண்ண எங்க கொட்டுறதுன்னு வேலை ஆரம்பிக்குறதுக்கு முன்னாடி கூட்டம் போட்டு முடிவு பண்ணுங்க, சண்டை வந்தா அதுலதான் வரும்.