எடை குறைந்தது, கொழுப்பு கூடியதா?

கேள்வி: எனக்கு வயது 46, உயரம் 158 செ.மீ. மூன்று மாதங்களுக்கு முன் 62 கிலோ இருந்தேன். தினமும் 45 நிமிடம் நடக்கிறேன், இரவுச் சாப்பாட்டை அடியோடு நிறுத்திவிட்டேன். இப்போது 59 கிலோ. இடுப்புச் சுற்றளவும் 88 செ.மீ.யிலிருந்து 83-க்கு வந்திருக்கிறது. ஆனால், வீட்டில் இருக்கும் எடை மெஷின் உடல் கொழுப்பு 33 சதவீதத்திலிருந்து 35 ஆகக் கூடிவிட்டது என்கிறது. ‘உடலின் வயது 54’ என்றும் காட்டுகிறது. முதலில் பார்த்தது வேலை முடிந்து வந்த ஒரு மாலையில். இப்போதெல்லாம் காலையில் எழுந்ததும் பார்க்கிறேன். நாள் முழுக்க நின்றுகொண்டே செய்யும் வேலை எனக்கு. கொஞ்ச நாளாக மாடிப்படி ஏறினால் தொடை சோர்ந்துபோகிறது. நான் செய்வதெல்லாம் தப்பா? டெக்ஸா ஸ்கேன் எடுக்க வேண்டுமா? இன்னொன்று, என் மாமனாருக்கு இதயம் பலவீனம் என்று பேஸ்மேக்கர் வைத்திருக்கிறார்கள். அவரும் இதே மெஷினில் எடை பார்க்கலாமா?

மருத்துவர் பதில்:

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதிலேயே முக்கியமான செய்தி, இடுப்பு 5 செ.மீ. குறைந்தது. மெஷின் காட்டும் 35-ஐப் பார்த்துப் பயந்ததில் இந்த நல்ல செய்தியை நீங்கள் கவனிக்காமல் விட்டுவிட்டீர்கள்.

மெஷின் சொல்வதை ஒரு கணக்காகப் போட்டுப் பாருங்கள். 62 கிலோவில் 33 சதவீதம் என்றால் சுமார் 20.5 கிலோ கொழுப்பு. 59 கிலோவில் 35 சதவீதம் என்றால் சுமார் 20.6 கிலோ. அதாவது, கொழுப்பு ஒரு கிராம்கூடக் கரையவில்லை, போன 3 கிலோவும் தசையும் நீரும்தான் என்கிறது மெஷின். அது உண்மையாக இருந்தால் இடுப்பு இவ்வளவு குறைய வாய்ப்பே இல்லை. ஆகவே மெஷின் காட்டுவதை அப்படியே நம்ப வேண்டாம். ஆனால் தொடை சோர்வு என்று எழுதியிருக்கிறீர்களே, அதை என்னால் தள்ளிவிட முடியவில்லை. கொழுப்போடு கொஞ்சம் தசையும் போயிருக்கலாம் என்றே நினைக்கிறேன். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நீங்கள் ஏறி நிற்கும் மெஷின் கொழுப்பை நேரடியாக அளப்பதில்லை. ஒரு பாதத்திலிருந்து மறு பாதத்துக்கு, நமக்கு உணரவே முடியாத அளவு சிறிய மின்சாரத்தைச் செலுத்துகிறது. நீரும் உப்பும் நிறைந்த தசை வழியாக அது எளிதாகப் போகும், கொழுப்பில் தடைபடும். அந்தத் தடையை அளந்து, உங்கள் வயது, உயரம், எடை, நீங்கள் ஆணா பெண்ணா என்ற விவரங்களோடு சேர்த்து, ஒரு சூத்திரத்தில் போட்டு ஒரு சதவீதத்தைச் சொல்கிறது. பாதம் வழியாக மட்டும் அளக்கும் மெஷினில் மின்சாரம் பெரும்பாலும் கால்களைச் சுற்றியே வரும். வயிற்றில் என்ன இருக்கிறது என்பது ஏறக்குறைய ஊகம்தான்.

இப்போது உங்கள் வேலையை யோசியுங்கள். நாள் முழுக்க நின்றால் உடல் நீர் கால்களில் இறங்கித் தேங்கும். கால்களில் நீர் அதிகம் என்றால் மின்தடை குறையும். மெஷின் அதைக் கொழுப்பு குறைவு என்று எடுத்துக்கொள்ளும். இரவெல்லாம் படுத்து எழுந்தால் அந்த நீர் கால்களை விட்டுப் போய்விடும், தடை கூடும், கொழுப்பும் கூடியதாகக் காட்டும். முதல் அளவு மாலையில், இப்போதைய அளவு காலையில். இரண்டு சதவீத வித்தியாசத்துக்கு இதுவே போதும். மாதவிடாய் நாட்கள், தண்ணீர் குறைவாகக் குடித்த நாள், உடற்பயிற்சி முடித்த கையோடு பார்ப்பது, ஈரப் பாதம் எல்லாமே எண்ணை அசைத்துவிடும்.

அதற்காக மெஷினைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு நாள், காலையில் எழுந்து சிறுநீர் கழித்த பிறகு, எதுவும் சாப்பிடுவதற்கு முன், ஒரே இடத்தில் வைத்துப் பாருங்கள். குறித்து வையுங்கள். இரண்டு மூன்று மாதங்களில் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை மட்டும் பார்த்தால் அது உதவும். ஒரு நாளின் எண்ணுக்கு ஒரு மதிப்பும் கிடையாது. ‘உடலின் வயது’ என்பது மெஷின் செய்கிற நிறுவனம் தன் போக்கில் போட்ட கணக்கு. எந்த மருத்துவரும் அதை வைத்து முடிவெடுப்பதில்லை. அந்த 54-ஐ மனதிலிருந்து எடுத்துவிடுங்கள்.

சரி, அப்படியானால் எதை நம்புவது? இன்ச் டேப்பை. இதைச் சொன்னால் பலருக்கும் ஏமாற்றமாக இருக்கும். ஆனால், தோலுக்கு அடியில் தொடையிலும் இடுப்பின் பின்பக்கத்திலும் இருக்கும் கொழுப்பைவிட, வயிற்றுக்குள் குடலையும் கல்லீரலையும் சுற்றிப் படியும் கொழுப்புதான் சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் அதிகம் வழிவிடுகிறது. அதை வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்க உதவுவது இடுப்புச் சுற்றளவுதான். அளக்கும் இடம் முக்கியம். பாவாடையோ பேண்ட்டோ கட்டும் இடத்தில் அல்ல. பக்கவாட்டில் கடைசி விலா எலும்பைத் தொட்டுப் பாருங்கள், கீழே இடுப்பெலும்பின் மேல் விளிம்பைத் தொட்டுப் பாருங்கள், இரண்டுக்கும் நடுவில் டேப்பை வையுங்கள். அது தரைக்கு இணையாக இருக்க வேண்டும், சதையை அழுத்தக் கூடாது. சாதாரணமாக மூச்சை விட்ட பிறகு பாருங்கள். வயிற்றை உள்ளே இழுக்காதீர்கள்! இரண்டு முறை அளந்து சராசரி எடுங்கள்.

தெற்காசியப் பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. என்பதை எச்சரிக்கைக் கோடாக வைத்திருக்கிறோம். இதைவிட எளிது, இடுப்பு உயரத்தில் பாதிக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2022-இல் இதை மக்களுக்கே நேரடியாகப் பரிந்துரைத்தது. உங்கள் உயரத்தில் பாதி 79. இப்போது 83. இன்னும் 4 செ.மீ. பாக்கி. உங்களுக்கு நான் வைக்கும் இலக்கு இதுதான்.

உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் கணக்கான பி.எம்.ஐ. பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்ல வேண்டும். உங்களுக்கு 24.8-ஆக இருந்தது, இப்போது 23.6. உலகப் பொதுவான கணக்கில் 25-க்குக் கீழே இருந்தால் சரி. ஆனால் நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு அதைவிடக் குறைந்த அளவிலேயே ஆபத்து தொடங்குவதால் 23-லிருந்தே கவனிக்கச் சொல்கிறோம். 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் யாஜ்னிக், யுட்கின் என்ற இரண்டு மருத்துவர்கள் தங்களையே உதாரணமாகக் காட்டி ஒரு படம் வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. ஐரோப்பியரான யுட்கினுக்கு உடல் கொழுப்பு 9.1 சதவீதம், இந்தியரான யாஜ்னிக்குக்கு 21.2. ஒரே எண், உள்ளே இருப்பது இரண்டு வேறு உடல்கள். ஒல்லியாகத்தானே இருக்கிறேன் என்று நிம்மதியாக இருப்பவர்களுக்குத்தான் இந்தப் படத்தைக் காட்ட ஆசைப்படுவேன். எதிர்ப்பக்கமும் உண்டு. 1942-இல் அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஆல்பர்ட் பென்கே, உடம்பில் கொழுப்பு எவ்வளவு என்று கண்டுபிடிக்க, அமெரிக்கக் கால்பந்து வீரர்களைத் தண்ணீருக்குள் இறக்கி எடை பார்த்தார். உயரம்-எடை அட்டவணைப்படி ராணுவத்துக்கே லாயக்கில்லாத அதிக எடை என்று கழிக்கப்பட வேண்டிய பலருக்கு உடம்பில் கொழுப்பு குறைவாகவே இருந்தது. கூடுதல் எடையெல்லாம் தசை.

டெக்ஸா ஸ்கேன் உங்களுக்கு இப்போது தேவையில்லை என்பதே என் கருத்து. அது இரண்டு வித சக்தி கொண்ட எக்ஸ்-கதிர்களை மிகக் குறைந்த அளவில் செலுத்தி எலும்பு, கொழுப்பு, மற்ற மென்திசு என்று மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துச் சொல்லும். கையில் எவ்வளவு, காலில் எவ்வளவு, வயிற்றுப் பகுதியில் எவ்வளவு என்றும் தெரியும். நல்ல கருவி. ஆனால் அதன் முடிவு வந்த பிறகு நான் உங்களுக்குச் சொல்லப்போகும் ஆலோசனை மாறாது. மாறாத ஒன்றுக்காக எதற்குச் சோதனை? மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு அடர்த்தி பார்க்கும் தேவை வந்தால் அப்போது சேர்த்தே பார்த்துக்கொள்ளலாம். அப்படி எப்போதாவது இருமுறை எடுப்பதானால் ஒரே இடத்தில், ஒரே இயந்திரத்தில் எடுங்கள்.

இனி தொடைக்கு வருவோம். எடை குறையும்போது போவதெல்லாம் கொழுப்பு அல்ல. வெறும் பட்டினியால் குறைத்தால் போகும் எடையில் ஏறக்குறைய கால் பங்கு தசையாகவும் அதைச் சேர்ந்த நீராகவும் இருப்பது வழக்கம். புரதமும் குறைவு, தசைக்கு வேலையும் குறைவு என்றால் அந்தப் பங்கு கூடும். நீங்கள் இரவுச் சாப்பாட்டை நிறுத்தியதில் அன்றைய புரதத்தில் ஒரு பகுதியும் நின்றுபோயிருக்கும். நடைப்பயிற்சி இதயத்துக்கு மிக நல்லது, விட்டுவிடாதீர்கள். ஆனால் தசையைக் காப்பாற்ற அது மட்டும் போதாது. முப்பது வயதைத் தாண்டினாலே தசை மெல்ல மெல்லக் குறையத் தொடங்கும். மாதவிடாய் நிற்கும் காலத்தையொட்டி கொழுப்பு தொடையை விட்டு வயிற்றுக்கு இடம் மாறும். உங்கள் வயதில் இரண்டும் சேர்ந்து நடக்கும். சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையைப் பெருமளவு உள்ளே இழுத்துக்கொள்வது தசைதான். அதனால்தான் எடையைக் குறைத்து, கூடவே தசையையும் இழந்தவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். கைப்பிடி இல்லாத, உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, முழுதாக எழுந்து உட்காருவதை முடிந்தவரை வேகமாக ஐந்து முறை செய்யுங்கள். முதியோரின் தசை இழப்பைக் கண்டறிய ஆசிய நிபுணர் குழு 2019-இல் வகுத்த விதிகளின்படி, இதற்கு 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும். 46 வயதில் நீங்கள் அதற்குள் வசதியாக முடித்துவிட வேண்டும். முடியவில்லை என்றால், அல்லது முட்டியில் கை ஊன்றாமல் எழவே முடியவில்லை என்றால், உங்கள் மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள்.

முடிந்தாலும் சரி, முடியாவிட்டாலும் சரி, ரத்தசோகை, தைராய்டு, வைட்டமின் டி மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மாடி ஏறும்போது வரும் சோர்வுக்கு இவையும் காரணமாகலாம். இரும்புச்சத்து குறைந்த பெண்கள் அதைச் சோம்பல் என்று நினைத்து வருடக்கணக்கில் தாங்கிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறேன். ரத்தக் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள். கூடவே மூன்று மாதச் சர்க்கரை சராசரி, கொலஸ்ட்ரால், ரத்த அழுத்தம். மாடி ஏறும்போது தொடை சோர்வோடு மூச்சுத் திணறலோ நெஞ்சில் இறுக்கமோ இருந்தால் தாமதிக்காதீர்கள், உடனே போய்க் காட்டுங்கள்.

அப்புறம், இரவுச் சாப்பாட்டைத் திரும்பக் கொண்டுவாருங்கள். சீக்கிரமாக, அளவாக, புரதம் இருக்கும்படி. சிறுநீரகக் கோளாறு இல்லை என்றால் உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் 1.2 கிராம் புரதம் என்ற கணக்கில் உங்களுக்கு நாளைக்கு 70 கிராம் வரும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் இருக்கிறது என்பதை நினைத்தால், இது தானாக நடந்துவிடாது என்பது புரியும். பருப்பு, பயறு, பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி என்று உங்களுக்கு ஒத்துக்கொள்வதை மூன்று வேளைக்கும் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரே வேளையில் கொட்டிக்கொள்ள வேண்டாம்.

வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள் தசைக்கு வேலை கொடுங்கள். ஜிம்முக்குப் போகத்தான் வேண்டும் என்பதில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, சுவரில் கை ஊன்றித் தண்டால், மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது, தண்ணீர் நிரப்பிய பாட்டில்களைத் தூக்குவது. கடைசி இரண்டு மூன்று முறை செய்யும்போது கஷ்டமாக இருக்க வேண்டும். எளிதாக முடிந்தால் எடையையோ எண்ணிக்கையையோ கூட்டுங்கள். இப்படித் தொடங்கினால் அடுத்த சில வாரங்களில் எடை அப்படியே நிற்கலாம், அரை கிலோ கூடவும் செய்யலாம். பதறாதீர்கள். இடுப்பு குறைந்துகொண்டு, மாடி ஏறுவது சுலபமாகிக்கொண்டு வந்தால் சரியான வழியில் போகிறீர்கள் என்று அர்த்தம். மாறாக, சாப்பாட்டைச் சரிசெய்த பிறகும், முயற்சி எதுவும் செய்யாமலேயே எடை தொடர்ந்து இறங்கினால் அது வேறு விஷயம்; அதற்குக் காரணம் தேட வேண்டும்.

உங்கள் மாமனார் அந்த மெஷினில் ஏறக் கூடாது. பேஸ்மேக்கர் போன்ற மின்கருவி உடலுக்குள் இருப்பவர்கள் மின்சாரம் செலுத்தி அளக்கும் மெஷின்களைத் தவிர்க்க வேண்டும் என்பதுதான் பாதுகாப்பான விதி. கர்ப்பிணிகளும் தவிர்ப்பது நல்லது. அவருக்கென்று எடையை மட்டும் காட்டும் சாதாரண மெஷின் ஒன்று வாங்கிக் கொடுங்கள். இதயம் பலவீனமானவர் என்பதால் அவர் தினமும் காலையில் எடை பார்ப்பது உங்களைவிட அவருக்கு இன்னும் அவசியம். மூன்று நாளைக்குள் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அது கொழுப்பும் அல்ல, தசையும் அல்ல. உடலில் நீர் தேங்குகிறது. கால் வீக்கமோ, படுத்தால் மூச்சு முட்டுவதோ சேர்ந்து வரும்வரை காத்திருக்காமல், அன்றைக்கே அவருடைய இதய மருத்துவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.