ஆறு மாதம் முடிந்தும் குழந்தை தனியாக உட்காரவில்லை, இது தாமதமா?

பெரும்பாலும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட அளவீட்டில், பிடிமானம் இல்லாமல் உட்காரும் வயது ஏறக்குறைய 4 மாதத்தில் தொடங்கி 9 மாதம் வரை போகிறது. உங்கள் குழந்தை அதன் நடுவில்தான் இருக்கிறது. குறைமாதத்தில் பிறந்திருந்தால், பிரசவத்துக்கு முதலில் குறித்த தேதியிலிருந்து வயதை எண்ணுங்கள்.

இந்த வயதில் உட்காருவதைவிடக் கைகளைத்தான் நான் பார்ப்பேன். ஒரு கிலுகிலுப்பையை நீட்டுங்கள். எட்டிப் பிடிக்கிறதா, வாய்க்குக் கொண்டுபோகிறதா, ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றுகிறதா? சின்னப் பொருளை இப்போதைக்கு எல்லா விரல்களாலும் வாரித்தான் எடுக்கும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துக் கிள்ளி எடுப்பது ஒன்பது மாதத்தை ஒட்டி வரும். (எப்படி எடுத்தாலும் நேராக வாய்க்குத்தான் போகும், கவனம்.)

உட்காருவதும் ஒரே நாளில் வராது. முதலில் இரண்டு கைகளையும் முன்னால் ஊன்றி, முதுகை வளைத்து முக்காலி மாதிரி இருக்கும்; கொஞ்ச நேரத்தில் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். விழித்திருக்கும்போது தரையில் குப்புறக் கிடந்து விளையாடினால் கழுத்தும் முதுகும் வலுப்படும். தவழ்வதைப் பற்றி அலட்டிக்கொள்ளாதீர்கள், சில குழந்தைகள் தவழாமலே நடந்துவிடும்.

சரி, எப்போது டாக்டரிடம் போக வேண்டும்? தலை நிற்கவில்லை, சத்தத்துக்குத் திரும்புவதில்லை, ஒரு கையை மட்டுமே பயன்படுத்துகிறது, உடல் விறைப்பாகவோ துவண்டோ இருக்கிறது, முன்பு செய்ததை இப்போது செய்வதில்லை என்றால், அடுத்த தடுப்பூசி நாள் வரை காத்திருக்காதீர்கள்.