‘கௌரி’ பட்டியலில் இருக்கிறார். தேடினால் ஏன் கிடைப்பதில்லை?

கேள்வி: சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் வட்டாரச் சமூக மன்றம் ஒன்றின் இந்திய நற்பணிச் செயற்குழுவில் தொண்டூழியராக இருக்கிறேன். பொங்கல் விருந்துக்கு வருவோரின் பெயர்களைத் தமிழில் பதிந்துவைக்க, பைத்தான் மொழியிலும் எஸ்கியூலைட் தரவுத்தளத்திலும் சிறு செயலி ஒன்றை எழுதினேன். கௌரி என்ற பெயரில் மூவர் இருந்தும் தேடினால் ஒருவரே வருகிறார். அகரவரிசையில் மலருக்கு முன்னால் மனோகரன் நிற்கிறார். பெயர் அட்டையில் சிவகாமசுந்தரி ‘சிவகாமசுந்’ என்று அச்சாகிவிட்டார். கணினியில் தமிழுக்குச் சரியான குறியீட்டு முறை வரும்வரை பெயர்களை ஆங்கில எழுத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்கிறார் குழுவில் உள்ள அண்ணன் ஒருவர். அப்படியே செய்துவிடலாமா?

பதில்: வேண்டாம். ஆங்கில எழுத்துக்கு மாறினால் சிக்கல் இன்னும் பெருகும். அதே கௌரியை ஜி, ஏ, யூ என்று தொடங்குபவரும் உண்டு, ஜி, ஓ, டபிள்யூ என்று தொடங்குபவரும் உண்டு, முடிவில் ஐ போடுவதா ஒய் போடுவதா என்பதிலும் ஒற்றுமை இராது. நீங்கள் கண்ட மூன்று குறைகளுக்கும் காரணம் ஒன்றுதான்: நாம் எழுத்து என்று எண்ணுவதும் கணினி எண்ணுவதும் வேறுவேறு.

‘தமிழ்’ என்பது நமக்கு மூன்று எழுத்து. ஒருங்குறியில், அதாவது யூனிகோடில், அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகளாகப் பதிவாகிறது. நீளம் கேட்டால் பைத்தானும் ஐந்து என்றே சொல்லும். அதையே யூடிஎஃப்-8 என்ற வழக்கமான சேமிப்பு முறையில் வைத்தால், குறியீட்டுக்கு மூன்று பைட் (கணினிச் சேமிப்பின் சிறு அலகு) வீதம் 15 பைட் ஆகிறது. சிவகாமசுந்தரி எட்டு எழுத்து, 13 குறியீடு, 39 பைட். உங்கள் அட்டையில் பெயர் நின்ற இடம் சரியாகப் பத்தாவது குறியீடு என்பதால், அச்சிடும் வழியில் எங்கோ 10 குறியீடு அல்லது 30 பைட் என்ற வரம்பு இருக்க வேண்டும். அந்த வரம்பைத் தேடி நீக்குங்கள். அட்டையில் இடம் போதாவிட்டால் எழுத்துருவின் அளவைக் குறையுங்கள், பெயரை வெட்டாதீர்கள். எழுத்துகளை நாம் எண்ணுவதுபோல் எண்ண வேண்டிய இடத்தில், பைத்தானோடு வரும் ‘ரீ’ தொகுதியை விட்டு, தனியாக நிறுவக்கூடிய ‘ரீஜெக்ஸ்’ தொகுதியைப் பயன்படுத்துங்கள். உயிர்மெய்யையும் புள்ளி வைத்த மெய்யையும் ஒரே அலகாகப் பிரித்துத் தரும் வசதி அதில் உண்டு.

தேடல்தான் இவற்றில் சிக்கலானது, ஏனெனில் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் பெயர்கள் உள்ளே பலவிதமாக இருக்கலாம். ‘கோ’ என்பதை க, ஓகாரக் குறி என இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். க, ஏகாரக் குறி, கால் என மூன்றாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடே தெரியாது. இவை இரண்டும் சமம் என்று ஒருங்குறித் தரமே சொல்வதால், பைத்தானின் ‘யூனிகோடுடேட்டா’ தொகுதியில் உள்ள இயல்பாக்கக் கட்டளையை, அதாவது சமமானவற்றை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் கட்டளையை, என்எஃப்சி என்ற வடிவத்தோடு அழைத்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். பெயரைச் சேமிக்கும்போதும் தேடுசொல்லைப் பெறும்போதும், இரண்டு இடத்திலும் இதைச் செய்ய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் செய்வது பாதிப் பூட்டுப் போட்டதற்குச் சமம்.

ஆனால் உங்கள் கௌரி இதற்குள் அடங்கமாட்டார். ஔகாரக் குறியின் வலப்பக்கம் ‘ள’ போலவே தோன்றுவதால், பலர் எகரக் குறியையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டி ‘கெளரி’ என்று எழுதிவிடுகிறார்கள். ஒருங்குறியின் பார்வையில் அது வேறொரு சொல். எந்த இயல்பாக்கமும் அதைத் தொடாது. சரி, ‘கெள’ வரும் இடத்தையெல்லாம் ‘கௌ’ என்று மாற்றிவிடலாமே என்று தோன்றும். கெளுத்தி மீன் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்! இதையே பொது விதியாக்கி எல்லா மெய்களுக்கும் நீட்டினால் தெளிவும் வெள்ளியும் கெடும். எனவே கௌரி, கௌதமன், சௌந்தரம் போன்ற பெயர்களுக்குச் சிறிய மாற்றுப் பட்டியல் ஒன்றைக் கையால் தயாரிப்பதே பாதுகாப்பானது. பெயர்ப்பட்டியலில் இப்படி வருபவை விரல்விட்டு எண்ணக்கூடியவைதாம். ‘ஸ்ரீ’யிலும் இதேபோல் ஒன்று உண்டு. ‘ஶ’ என்ற எழுத்து 2005-இல்தான் ஒருங்குறியில் சேர்ந்தது. அதைக் கொண்டும் ‘ஸ’வைக் கொண்டும் அந்த எழுத்தை ஆக்கலாம் என்பதால் ஸ்ரீதேவியும் இரண்டாகப் பிரிவார். இங்கே வேறு சொல் எதுவும் குறுக்கிடாது என்பதால் ஒன்றை மற்றொன்றாகத் தயங்காமல் மாற்றலாம். வேறு இடத்திலிருந்து நகலெடுத்து ஒட்டிய பெயர்களில் கண்ணுக்குத் தெரியாத அகலமற்ற இணைப்புக் குறிகள் ஒளிந்திருந்தால் அவற்றையும் அகற்றுங்கள்.

இந்த மாற்றங்களையெல்லாம் மூலப் பெயரில் செய்யாதீர்கள். தேடுவதற்கென்று தனியாக ஒரு நெடுவரிசை வைத்து அதில் செய்யுங்கள். ஒருவர் தம் பெயரைக் கெளரி என்றே எழுதித் தந்தால், அட்டையில் அப்படியே அச்சாவது அவருடைய உரிமை.

வரிசைக்கு வருவோம். ஒருங்குறியின் தமிழ்ப் பகுதி, இந்தியாவில் 1988-இல் உருவான இஸ்கி என்ற குறியீட்டு முறையைப் பின்பற்றி அமைந்தது. இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவான அடுக்கு அது என்பதால் நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும், சகரத்தை அடுத்து ஜகரமும் வருகின்றன. எஸ்கியூலைட் குறியீட்டெண்களை மட்டுமே ஒப்பிடுவதால், நம் நெடுங்கணக்கில் கடைசி மெய்யான னகரம் லகரத்துக்கு முன்னால் வந்து, மனோகரன் மலரை முந்துகிறார். ‘பைஐசியூ’ தொகுதியில் தமிழுக்கான வரிசை விதிகள் உள்ளன. எஸ்கியூலைட் இணைப்பில் அதைப் புதிய ஒப்பீட்டு முறையாகப் பதிவுசெய்துகொண்டால் போதும்.

அண்ணனின் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனிக் குறியீடு தரும் டேஸ்16 என்ற முறையை 2010-இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியோடு சேர்த்து மாற்றுத் தரமாக ஏற்றது. அது வந்தால் எண்ணுவதும் வரிசைப்படுத்துவதும் எளிதாகும் என்பதும் உண்மை. ஆனால் ஒருங்குறியில் ஒருமுறை இடம்பெற்ற குறியீட்டை நகர்த்துவதோ நீக்குவதோ இல்லை என்பது அதன் நிலையான கொள்கை. நம் கைப்பேசிகளும் உலாவிகளும் அதன்மேல்தான் நிற்கின்றன. நா. கோவிந்தசாமி போன்றோர் சிங்கப்பூரில் தமிழை இணையத்தில் ஏற்றிய காலத்தில், 1997 மே மாதத்தில் முதலாவது தமிழ் இணைய மாநாடு இங்கே கூடிய நாள்களில், எழுத்துருவுக்கு ஒரு குறியீட்டு முறை என்றிருந்தது. ஒருவர் அனுப்பிய கோப்பு மற்றவரின் கணினியில் கிறுக்கலாகத் திறந்தது. அந்தத் தொல்லைக்குத் திரும்புவதைவிட, சில வரி நிரல் கூடுதலாக எழுதுவது எனக்குப் பெரிய சுமையாகத் தெரியவில்லை.

திருத்தத்தைத் தொடங்குமுன் தரவுத்தளத்தின் நகல் ஒன்றை எடுத்துவையுங்கள். இயல்பாக்கிய பிறகு சில பெயர்கள் இரட்டையாகத் தெரியும். ஒரே பெயரில் இருவர் இருக்கக்கூடும் என்பதால் தொலைபேசி எண்ணைப் பார்க்காமல் எதையும் அழிக்காதீர்கள். வேறுபடுத்திக் காட்ட நீங்களே ஓர் உறுப்பினர் எண் கொடுங்கள். அடையாள அட்டை எண்ணைக் கேட்க வேண்டாம். சட்டம் கோரினாலோ ஒருவரின் அடையாளத்தைத் துல்லியமாக உறுதிசெய்யும் தேவை இருந்தாலோ தவிர, நிறுவனங்கள் அதைச் சேகரிக்கக் கூடாது என்ற வழிகாட்டுதல் 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது, விருந்துக்கு வருவோர் பட்டியலை அத்தகைய தேவையாகக் கருத முடியாது.