ஹைக்கூ எழுதுபவர்கள் அதன் மரபு விதிகளைக் கட்டாயம் பின்பற்ற வேண்டுமா?

உங்க கவிதையில யாரோ எழுத்து எண்ணிப் பார்த்துட்டு "இது ஹைக்கூவே இல்ல"ன்னு சொல்லியிருக்காங்க. கேள்வியைப் பார்த்தாலே தெரியுது. சும்மா இருக்கிறவங்களுக்கு இந்தச் சந்தேகம் வராது.

என்னைக் கேட்டா, ஜப்பான்லேருந்து வந்த இந்த மூணு வரிக் கவிதையில வரிக்கு வரி 5-7-5ன்னு எண்ணுறதை விட்டுடலாம். எந்தக் காலம்னு காட்டுற பருவச் சொல்லையும், நடுவுல சட்டுன்னு நிறுத்தி ரெண்டாப் பிரிக்கிற வெட்டையும் விடக்கூடாது. நம்ம ஆளுங்க இதை அப்படியே தலைகீழா செய்றாங்க. அதான் என் வயித்தெரிச்சல்.

குடவாசல் பக்கம் எனக்குக் கொஞ்சம் நிலம் இருக்கு. குறுவையும் சம்பாவும் போடுறேன், ஊடால கவிதை. சில வருஷம் முன்னாடி பக்கத்து ஊர் இலக்கிய அமைப்பு ஒண்ணு ஹைக்கூ போட்டி வச்சாங்க. பேர் வேண்டாம், கடைத்தெருவுல பார்த்தா இன்னும் வணக்கம் வச்சுக்கிறோம். நான் அனுப்பினது இது:

ஐப்பசி மழை
தார்ப்பாய்க்குள் முளைக்கிறது
விற்காத நெல்

பரிசளிப்பு அன்னிக்கு நடுவர் ஐயா மேடையிலேயே என் தாளை எடுத்து வச்சுக்கிட்டு விரல் விட ஆரம்பிச்சுட்டார். "ஐ, ப், ப, சி..."ன்னு புள்ளி எழுத்தையும் சேர்த்து. 26 வந்துச்சு. "ஜப்பான்ல 17தான் தம்பி, இது துணுக்கு"ன்னார். கூட்டம் சிரிச்சுது. "புள்ளியை விட்டுட்டு எண்ணுங்கய்யா"ன்னு கீழேருந்து சொன்னேன். எண்ணினார், சரியா 17. உடனே "5-8-4ல்ல வருது"ன்னுட்டு அடுத்த தாளை எடுத்துட்டார்.

அதோட விட்டாங்களா? தொகுப்புல போடும்போது கடைசி வரியை "விவசாயி கண்ணீர்"னு மாத்திட்டாங்க. அதாவது தார்ப்பாய்க்குள்ள கண்ணீர் முளைக்குதாம்! அவங்க திருத்தினதையும் எண்ணிப் பார்த்தேன், புள்ளியை விட்டே 19.

ஜப்பான்காரங்க எண்ணுறது ஒலியளவு. நெடில் வந்தா ரெண்டு, 'ன்' தனியா ஒண்ணு. நம்ம மாத்திரைக்குக் கொஞ்சம் கிட்ட வரும், எழுத்துக் கணக்குக்குள்ள அடங்காது. நமக்கு எண்ணத் தெரியாதுன்னும் இல்ல. கட்டளைக் கலித்துறைங்கிற பழைய பாவகைக்கு ஒற்று, அதாவது புள்ளி எழுத்து, நீக்கி அடிக்கு 16 எழுத்து, நிரையசையில ('உதி' மாதிரி குறில்ல தொடங்குற ரெண்டெழுத்து அசை) ஆரம்பிச்சா 17. திருக்கடையூர் அபிராமி அந்தாதியில "உதிக்கின்ற"ன்னு தொடங்குற பாட்டோட முதல் அடியை எண்ணிப் பாருங்க, 17 நிக்கும். அவங்க முழுக் கவிதைக்கு வச்ச எண்ணிக்கை நமக்கு ஒரே ஒரு அடி! அங்க அந்தக் கணக்குதான் பாட்டைத் தூக்கி நிறுத்துது. தமிழ் ஹைக்கூவுல அதுக்கு என்ன வேலைன்னு யாராவது சொன்னா கேட்டுக்கிறேன்.

ஜப்பானோட பெரிய ஹைக்கூ கவிஞர் பாஷோவே மீறியிருக்கார். பட்ட கிளையில காக்கா வந்து உக்கார்ற அந்தக் கவிதையில, அவர் திருத்தி எழுதின பிறகும் நடு வரியில 9 ஒலி. ஆனா இலையுதிர்கால அந்தி அப்படியே இருக்கு, வெட்டும் இருக்கு. எதை மீறினார், எதைத் தொடலன்னு பாருங்க.

"ஜப்பான் கவிஞர் சந்தோக்கா பருவம், எண்ணிக்கை ரெண்டையும் விட்டுட்டு எழுதலையா?"ன்னு கீழ கமெண்ட்ல வந்து கேப்பீங்க. எழுதினார். பருவச் சொல் வேண்டாம், எண்ணிக்கையும் வேண்டாம்னு வெளிப்படையாச் சொன்ன ஒரு குழுவோட ஆள் அவர். நம்ம ஊர்ல எதை விடுறோம்னே தெரியாம விட்டுட்டு, மூணாவது வரியில ஒரு பஞ்ச் வச்சா ஹைக்கூன்னு நினைச்சுக்கிறாங்க. பாரதி 1916லேயே சுதேசமித்திரன்ல ஜப்பானியக் கவிதையைப் பத்தி எழுதிட்டார். இத்தனை வருஷம் கழிச்சும் நாம இன்னும் பஞ்ச்லயே நிக்கிறோம்.

பருவச் சொல்லுன்னதும் சிலர் மன்னார்குடியில உக்காந்துக்கிட்டு செர்ரிப் பூவும் பனிப்பொழிவும் எழுதுறாங்க. ஜப்பான்ல பருவச் சொல்லுக்குன்னே தனி அகராதி இருக்கு. நமக்கு கார், கூதிர், முன்பனின்னு ஆறு பெரும்பொழுது தொல்காப்பியத்துலேயே இருக்கு. நாற்றங்கால், ஆடிப்பெருக்கு, சம்பா அறுக்கிறதுக்கு முன்னாடி ஈரத்துல தெளிக்கிற உளுந்து, இதெல்லாம் எங்க பருவச் சொல்லுதான். மேட்டூர் திறப்பை மட்டும் சேர்க்கலாமான்னு யோசனையா இருக்கு. வழக்கமா ஜூன் 12, ஆனா 2022ல மே 24, 2024ல ஜூலை 28. எந்தப் பருவத்துல போடுறது?

17னு சொன்னாலே எங்க பக்கம் ஞாபகம் வர்றது வேற. கொள்முதல் நிலையத்துல நெல்லு ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல போகக்கூடாது. குறுவை அறுக்கிறதே மழை நேரத்துல, அதுல எங்கேருந்து 17? 18 காட்டினா திருப்பி அனுப்புவாங்க. ரோட்டுல கொட்டிக் காய வைப்போம், சாயங்காலம் மழை வரும், மறுநாள் 20 காட்டும். தளர்த்தச் சொல்லி மனு போகும், டெல்லியிலேருந்து குழு வந்து மாதிரி எடுத்துட்டுப் போகும், உத்தரவு வர்றதுக்குள்ள நெல்லு முளை விட்டிருக்கும். இதுக்கு நடுவுல மூட்டைக்கு இவ்வளவுன்னு கையில வேற வைக்கணும். அந்த நடுவர் ஐயா விரல் விட்டப்போ எனக்கு ஈரப்பதம் பார்க்கிற மெஷின்தான் கண்ணு முன்னாடி வந்துச்சு. நெல்லு எப்படி விளைஞ்சிருக்குன்னு அதுவும் பார்க்காது.

சரி, கேள்விக்கு வர்றேன். "ஐப்பசி மழை"ன்னு சொல்லி நிறுத்தினா அதுதான் வெட்டு. அதுக்குன்னு ஜப்பான்ல 'யா', 'கேரி', 'கானா'ன்னு தனிச் சொற்கள் இருக்கு, நமக்கு வரி உடையுற இடமே போதும். அந்த இடைவெளியில படிக்கிறவன் தானா கொள்முதல் நிலைய வாசலுக்குப் போய் நிப்பான். கண்ணீர்னு நாம எழுதிட்டா அவனுக்கு அங்க வேலை இல்ல.

போட்டிக்கு அனுப்புறதா இருந்தா, புள்ளி எழுத்து கணக்குல சேருமா சேராதான்னு முன்னாடியே கேட்டு வச்சுக்குங்க. தொகுப்புல இடம்பெற பணம் கட்டுங்க, பத்துப் பிரதி வாங்கிக்குங்கன்னு சொன்னா அனுப்பாதீங்க. நான் கட்டினேன். பிரதிங்க இன்னும் பரண்லதான் கிடக்கு, எல்லாத்துலயும் கண்ணீர் முளைச்சுக்கிட்டு.