வாசகர் கேள்வி பதில்: மலையில் வீடு, கோவையில் அலுவலகம்

கேள்வி: வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை, இரண்டு நாள் கோவை அலுவலகம். ஆன்லைன் கூட்டத்தில் நான் வாய் திறப்பதற்குள் வேறொருவர் தொடங்கிவிடுகிறார். மழை நாளில் வீடியோவை அணைத்தால், "மேடம் தூங்கப் போயிட்டாங்க" என்று சிரிக்கிறார்கள். என்ன செய்வது?
- வாசகி, கோத்தகிரி

பதில்: தயக்கம் உங்களிடம் இல்லை, அம்மா. நேர்ப்பேச்சில் ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்கும் இடைவெளி சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான். இணையம் வழியே உங்கள் குரல் போய்ச் சேரவே ஏறக்குறைய அவ்வளவு நேரம் பிடிக்கும். அதற்குள் அலுவலகக் கூட்ட அறையில் இருப்பவர் முந்திவிடுவார். "இன்னும் துணிச்சலாகப் பேசுங்கள்" என்று உங்களிடம் சொல்வது நியாயமே இல்லை. சரிசெய்ய வேண்டியவர் கூட்டத்தை நடத்துபவர். வெளியூரிலிருந்து இணைந்தவர்களை அவர் முதலில் பெயர் சொல்லி அழைக்கட்டும். அறையில் இருப்பவர்களும் ஆளுக்கொரு லேப்டாப்பில் இணைந்து, கை தூக்கும் பொத்தானை அழுத்திவிட்டே பேசட்டும்.

இதில் ஒரு சிக்கல் வரும். ஒரே அறையில் பல மைக் திறந்திருந்தால், ஒரு ஸ்பீக்கரின் ஒலியை இன்னொரு மைக் பிடித்து ஊளையிடும். மேசை நடுவே ஒரு மைக், ஒரு ஸ்பீக்கர் போதும். மற்ற லேப்டாப்களில் இரண்டையும் அணைத்துவிட வேண்டும். இது தெரியாமல் முதல் நாளே முறையைக் கைவிட்டுவிடக் கூடாது.

குரலுக்கு நொடிக்கு 100 கிலோபிட் தாராளம். தெளிவான வீடியோவுக்கு அதைப்போல் பத்து மடங்காவது வேண்டும். ஐப்பசி மழையில் மரம் சாய்ந்து மின்சாரம் போய், செல்போன் சிக்னலை நம்பியிருக்கும் நாளில் வீடியோவை அணைத்தால்தான் பேச்சு அறுபடாது. இந்தக் கணக்கை மேலாளருக்கு மின்னஞ்சலில் எழுதி, வீடியோ கட்டாயமில்லை என்பதை எல்லோருக்குமான விதியாகக் கேளுங்கள். ரவுட்டருக்குச் சிறிய யு.பி.எஸ். ஒன்றும் கேட்கலாம். ரவுட்டர் அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட் அதற்கும் பொருந்த வேண்டும். பெரும்பாலும் 12, சிலவற்றில் 9.

கேள்வி: சக ஊழியர் இரவில் வாட்ஸ்அப்பில் ஆபாசமாக எழுதுகிறார். நான் வீட்டில் இருக்கும்போது வருவதால், புகார் செல்லுமா?
- வாசகி, குன்னூர்

பதில்: செல்லும். பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், பணியிடம் என்பதில் வீட்டையும் சேர்த்திருக்கிறது. கோபத்தில் எதையும் அழித்துவிடாதீர்கள். எண்ணும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் இத்தகைய புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும்; அதற்குக் குறைந்தால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். கடைசிச் செய்தி வந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுங்கள். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம்.