த்ரீ கார்டு போக்கர்: கேள்வி பதில்

ஐந்து சீட்டுப் போக்கர்தான் தெரியும். இதை எப்படி ஆடுவது?

இதில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரோடு போட்டி கிடையாது, சீட்டுப் போடும் காசினோ ஆளான டீலரோடு மட்டும்தான். முதலில் ஆன்டி கட்டத்தில் ஆரம்பப் பந்தயமாகப் பணம் வைக்கிறீர்கள். உங்களுக்கு மூன்று சீட்டு, டீலருக்கு மூன்று சீட்டு. உங்கள் சீட்டைப் பார்த்துவிட்டு எடுக்க வேண்டியது ஒரே ஒரு முடிவு: ஆன்டிக்குச் சமமான தொகையை ப்ளே கட்டத்தில் வைப்பதா, அல்லது ஃபோல்ட் செய்து ஆன்டியை விட்டுவிடுவதா.

அப்புறம் டீலர் தன் சீட்டைத் திறப்பார். அவரிடம் குயின் ஹையோ (ஜோடி போல எதுவும் அமையாமல், பெரிய சீட்டு குயின்) அதற்கு மேலோ இல்லையென்றால் அவர் தகுதி பெறவில்லை. உங்கள் ஆன்டிக்கு ஒன்றுக்கு ஒன்று கிடைக்கும், ப்ளே பணம் அப்படியே திரும்பிவிடும். தகுதி பெற்றால் இரண்டு கைகளையும் ஒப்பிடுவார்கள். ஜெயித்தால் இரண்டு பந்தயத்துக்கும் ஒன்றுக்கு ஒன்று, தோற்றால் இரண்டும் போச்சு, சமமென்றால் இரண்டும் திரும்பும்.

பேர் பிளஸ் என்று தனிக் கட்டம் ஒன்று உண்டு. அதற்கும் டீலருக்கும் சம்பந்தமில்லை. உங்கள் கையில் ஒரு ஜோடியோ மேலோ வந்தால் பணம். உட்காருவதற்கு முன் அந்தக் கட்டத்தின் அட்டவணையைப் படியுங்கள். ஃப்ளஷுக்கு (மூன்றும் ஒரே ஜாதி, உதாரணமாக மூன்றும் ஹார்ட்) 4 மடங்கு என்று இருந்தால் காசினோவின் பங்கு, அதாவது பந்தயத்தில் சராசரியாக அதற்குப் போவது, 2.32 சதவீதம். அதுவே 3 மடங்கு என்றால் 7.28 சதவீதம். மேசை ஒன்றுதான், ஆட்டமும் ஒன்றுதான், ஒரே ஒரு எண் மாறியிருக்கிறது.

எந்தக் கைக்கு ப்ளே வைக்க வேண்டும்?

குயின்-6-4 அல்லது அதற்கு மேல். ஏஸ், கிங் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். குயின் இருந்தால் இரண்டாவது சீட்டைப் பாருங்கள்: 7 அல்லது மேல் என்றால் ஆடலாம். 6 என்றால் மூன்றாவது சீட்டு 4 ஆவது இருக்க வேண்டும். இப்படி ஆடினால் ஆன்டியில் காசினோவின் பங்கு 3.37 சதவீதம். எந்தக் கையையும் விடாமல் ஆடினால் 7.65.

ஜாக்-10-8 வந்தால்கூட விடணுமா? டீலர்தான் பத்தில் மூன்று தடவை தகுதி பெறுவதில்லையே?

நல்ல கேள்வி. ஜோடி இல்லாத ஜாக் ஹை கை, தகுதி பெற்ற டீலரை ஒருபோதும் ஜெயிக்காது. அதனால் 100 தடவை ஆடினால் சுமார் 30 தடவை ஒரு பங்கு கிடைக்கும், 70 தடவை இரண்டிரண்டு பங்கு போகும். மொத்த நஷ்டம் 110. நூறு தடவையும் ஃபோல்ட் செய்தால் நஷ்டம் 100. விட்டுவிடுங்கள்.

ஃப்ளஷைவிட ஸ்ட்ரெய்ட் (வரிசையாக வரும் மூன்று சீட்டு) பெரியது என்று டீலர் சொன்னார். ஏமாற்றுகிறாரா?

இல்லை, அவர் சொன்னது சரி. 52 சீட்டில் மூன்றை எடுக்க 22,100 வழிகள். அவற்றில் ஃப்ளஷ் 1,096, ஸ்ட்ரெய்ட் 720. அரிதாக வருவதுதான் பெரிய கை.

ப்ளஃப் செய்யலாமா, அதாவது நல்ல கை இருப்பதுபோல் காட்டி எதிராளியை விட வைக்கலாமா?

முடியாது. டீலர் ஃபோல்ட் செய்வதே இல்லை.

(ஃப்ளஷ் பற்றிக் கேட்டவர்) ஐந்து சீட்டில் ஃப்ளஷ்தானே பெரிது? சீட்டுக்கட்டு மாறவில்லை, வரிசை மட்டும் எப்படி மாறும்?

கூடவே உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். மூன்று சீட்டில் ஏஸ்-2-3 முதல் குயின்-கிங்-ஏஸ் வரை 12 தொடர்கள். ஒவ்வொரு சீட்டுக்கும் நான்கு ஜாதி, ஆக 12 × 64 = 768. அதில் ஒரே ஜாதியாக அமையும் 48 ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷைக் கழித்தால் 720. ஃப்ளஷுக்கு ஒரு ஜாதியின் 13 சீட்டில் மூன்றை எடுக்க 286 வழிகள், நான்கு ஜாதிக்கு 1,144, அதே 48 போக 1,096. இதே கணக்கை ஐந்து சீட்டுக்குப் போடுங்கள்: ஸ்ட்ரெய்ட் 10,200, ஃப்ளஷ் 5,108. ஜாதி மாறாமல் இன்னும் இரண்டு சீட்டு வருவது அவ்வளவு கஷ்டம். இந்தத் தலைகீழ் மாற்றம்தான் இந்த ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

அப்படியானால் ஒரே எண் மூன்றும்?

52 வழிகள். ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷ் 48. நான்கே நான்கு வித்தியாசத்தில் ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷ் மேலே.

ஸ்ட்ரெய்ட் வந்தும் டீலரிடம் தோற்றேன். ஒன்றுமே கிடைக்காதா?

ஆன்டி போனஸ் கிடைக்கும். டீலர் கை எதுவானாலும் ஸ்ட்ரெய்ட்டுக்கு வழக்கமாக 1 மடங்கு, மூன்றும் ஒரே எண் என்றால் 4, ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷுக்கு 5. இந்த எண்களும் மேசைத் துணியிலேயே இருக்கும். படியுங்கள்.

தொடர்ந்து ஆறு கை தோற்றால் அடுத்ததில் ஜெயிக்கும் வாய்ப்பு அதிகம்தானே?

இல்லை. ஒவ்வொரு கைக்கும் கட்டு புதிதாகக் கலைக்கப்படுகிறது.

மூன்று கை ஜெயித்தபின் பந்தயத்தை ஏற்றலாமா?

மேலே உள்ள பதில்தான்.

தோற்கும்போதெல்லாம் இரட்டிப்பாக வைத்தால்?

அதே பதில். ஆனால் இதை நிறையப் பேர் கேட்கிறீர்கள், அதனால் கவலையோடு சொல்கிறேன்: 10 சிப்பில் தொடங்கி ஏழு தடவை தோற்றால் எட்டாவது பந்தயம் 1,280 சிப். ஆன்டி அளவுக்கு ப்ளேயும் வைக்க வேண்டும் என்பதால் அது 2,560. மேசைக்கு உச்சவரம்பு வேறு உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள்.

ஜெயித்த பணத்துக்கு வரி?

அது என் துறை இல்லை, வரி ஆலோசகரிடம் கேளுங்கள்.

இதைக் கண்டுபிடித்தது யார்?

டெரெக் வெப், 1994இல்.

பேர் பிளஸ் வைக்கலாமா, வேண்டாமா?

ஃப்ளஷுக்கு எத்தனை மடங்கு என்று பார்த்தீர்களா? 3 என்றால் வைக்காதீர்கள்.

(அதே நண்பர்) எண்ணிப் பார்த்தேன். 720 வந்தது. டீலரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

மிகவும் சந்தோஷம். அடுத்து ஜோடியை எண்ணுங்கள், 3,744 வர வேண்டும்.