மஞ்சள் தக்காளி ஏன் சிவந்தது?

வணக்கம்.

போன பருவத்தில் பாரம்பரிய மஞ்சள் தக்காளி ஒன்றைத் தொட்டியில் வளர்த்தேன். பெரிய காய் ரகம், அருமையாக வந்தது. நன்கு பழுத்த ஒரு பழத்திலிருந்து விதை எடுத்து இந்த முறை ஐந்து செடிகள் வைத்தேன். மூன்றில் சிவப்புப் பழம்! விதை விற்றவர் கலப்பினத்தைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார் என்கிறார் நண்பர். மற்ற இரண்டும் மஞ்சளாகத்தான் காய்க்கின்றன, ஆனால் பழுக்கும் நேரத்தில் வெடித்துவிடுகின்றன. பக்கத்திலேயே சிவப்புச் செர்ரித் தக்காளியும் இருக்கிறது. இனி என்ன செய்யலாம்? மஞ்சள் தக்காளியில் அமிலம் குறைவு என்கிறார்களே, அது உண்மையா?

ஒரு வாசகர்

*

அன்புள்ள வாசகருக்கு,

விதை விற்றவரை விட்டுவிடுங்கள். இது தேனீயின் வேலை.

தக்காளிச் சதைக்குச் சிவப்பைத் தருவது லைக்கோபீன். எலுமிச்சை மஞ்சள் ரகங்களில் அந்த நிறமியை உருவாக்கும் வரிசையின் முதற்படியிலேயே ஒரு மரபணு பழுதாகியிருக்கும். இது ஒடுங்கு பண்பு. தாய்வழி, தந்தைவழி இரண்டு பிரதிகளும் பழுதாக இருந்தால்தான் பழம் மஞ்சளாகும். அப்படியானால் மஞ்சளாகக் காய்த்த செடியிடம் சிவப்புக்கான நல்ல பிரதி ஒன்றுகூட இல்லை. அது தன் மகரந்தத்தாலேயே சூல் கொண்டால் பிள்ளைகள் எல்லாம் மஞ்சள்தான். நண்பர் சொல்வதுபோல் அது கலப்பினமாகவே இருந்திருந்தாலும் அடுத்த தலைமுறையில் காயின் அளவும் வடிவமும் ருசியும் சிதறியிருக்கும், சிவப்பு வந்திருக்காது. விதை மாறிப்போகவில்லை என்றால், சிவப்பு வெளியிலிருந்து வந்த மகரந்தம்தான். (ஆரஞ்சு நிறத் தக்காளிகளுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அங்கே வேறு மரபணுக்கள் வேலை செய்கின்றன.)

போன முறை ஏன் தெரியவில்லை என்று கேட்கலாம். பழத்தின் சதையும் தோலும் தாயுடையவை, கலப்பு விதைக்குள் மட்டும்தான் இருக்கும். ஒரே பழத்தில் சில விதைகள் கலந்தும் சில கலக்காமலும் இருப்பது சாதாரணம். உங்கள் மூன்றுக்கு இரண்டு கணக்கு அதனால்தான். இந்தச் சிவப்புப் பழங்கள் செர்ரியைவிடச் சற்றே பெரிதாகவும் தாயைவிட மிகச் சிறிதாகவும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் தந்தை பக்கத்துத் தொட்டிதான்.

தக்காளி பொதுவாகத் தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர். மகரந்தத்தை ஏற்கும் சூல்முடி, மகரந்தக் கூம்புக்குள் ஒளிந்திருப்பதால் கலப்பு அரிது. ஆனால் பெரிய காய் தரும் பழைய ரகங்களில் முதல் கொத்தில் இரண்டு மூன்று பூக்கள் ஒட்டிப் பிறந்து, சூல்முடி வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். அந்தப் பூவில் காய்ப்பது பெரும்பாலும் கோணல்மாணலான, பிரமாண்டமான பழம். அதைப் பார்த்து மயங்கித்தான் பலரும் அதிலிருந்தே விதை எடுக்கிறார்கள். விதைக்கு மோசமான தேர்வு அது.

இப்போது செய்யவேண்டியது. மஞ்சள் செடிகள் இரண்டையும் போன வருடச் செடியோடு ஒப்பிடுங்கள். இலையும் காயின் வடிவமும் ஒத்திருந்தால் அவற்றை நம்பலாம். இரண்டாம் அல்லது மூன்றாம் கொத்தில், ஒரு மொட்டுகூட விரியாத நிலையில், மெல்லிய வலைத்துணிப் பையை மாட்டி வாயை லேசாகக் கட்டுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம், உள்ளே சூடேறிப் பூ கருகிவிடும். ஒட்டுப்பூ இருந்தால் முன்பே கிள்ளிவிடுங்கள். தினமும் முற்பகலில் கொத்தின் காம்பை விரலால் சுண்டினால் போதும், மகரந்தம் உள்ளுக்குள்ளேயே உதிரும். பட்டாணி அளவு பிஞ்சு வந்ததும் பையை எடுத்துவிட்டு, அந்தக் கொத்தில் ஒரு நிறநூலைக் கட்டுங்கள். நூலை மறந்தால் இத்தனை பாடும் வீண். பைக்குள் ஒன்றுமே பிடிக்கவில்லை என்றால் வெப்பத்தைச் சந்தேகியுங்கள். பகலில் 35 டிகிரி செல்சியஸ் தாண்டி, இரவிலும் 24-க்குக் கீழே இறங்காவிட்டால் பை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பூ உதிரும்.

நூல் கட்டிய பழத்தை நன்றாகக் கனியவிட்டு, விதையைக் கூழோடு கண்ணாடிக் குவளையில் வழித்து, இரண்டு மூன்று நாள் நிழலில் புளிக்கவிடுங்கள். முளைப்பைத் தடுக்கும் வழுவழுப்பு உறை அப்போதுதான் கரையும். மேலே ஆடை படர்ந்ததும் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, மிதப்பதைக் கொட்டிவிட்டு, அடியில் தங்கிய விதையைத் தட்டில் பரப்பி உலர்த்துங்கள். காகிதத்தில் போட்டால் ஒட்டிக்கொள்ளும். மூன்று நாளுக்கு மேல் மறந்துவிட்டால் குவளையிலேயே முளைக்கத் தொடங்கலாம்.

உங்கள் ரகம் உருளைக்கிழங்கு இலைபோல விளிம்பு வெட்டில்லாத இலை கொண்டதாக இருந்தால் அதிர்ஷ்டம். அந்த இலையும் ஒடுங்கு பண்புதான். கலந்த நாற்று சில நிஜ இலைகள் விட்டதுமே பல்வெட்டு இலையோடு காட்டிக்கொடுத்துவிடும், அப்போதே பிடுங்கிவிடலாம். சிவப்புச் செடிகளின் விதையை வளர்த்தால் சுமார் நான்கில் ஒன்று மஞ்சளாகும், ஆனால் பழைய ரகம் திரும்பி வராது. விளையாட்டாகச் செய்து பார்க்கலாம், அவ்வளவுதான்.

வெடிப்புக்கு வருவோம். பழுக்கத் தொடங்கியதும் தோல் விரிவது நின்றுவிடும். வறண்ட மண்ணுக்குத் திடீரென்று நிறையத் தண்ணீர் கிடைத்தால் சதை உப்பும், தோல் கிழியும். பெரிய மஞ்சள் ரகங்கள் பலவற்றுக்குத் தோல் மெல்லிசு. தொட்டி 20 லிட்டரா? அப்படியென்றால் கோளாறு அங்கேதான். இத்தனை பெரிய செடிக்கு 40 லிட்டராவது வேண்டும். மண்ணின் மேல் 5 முதல் 8 செ.மீ. கனத்துக்கு வைக்கோலோ சருகோ மூடாக்குப் போட்டு, விரலை விட்டுப் பார்த்து, ஈரம் ஒரே சீராக இருக்கும்படி நீர் விடுங்கள். இதே ஏற்ற இறக்கம்தான் காயின் அடிப்பகுதி கருத்து அழுகுவதற்கும் முக்கியக் காரணம். நீர் சீராக ஏறாவிட்டால் சுண்ணாம்புச் சத்து காயை எட்டாது. இலையில் தெளித்தாலும் அது காய்க்கு இறங்காது. முட்டையோட்டுத் தூளை அள்ளிப் போடுவதும் அந்தப் பருவத்துக்கு உதவாது, மட்குவதற்குள் அறுவடையே முடிந்துவிடும்.

மழை வருமென்று தெரிந்தால், பச்சை வெளிறி மஞ்சள் படரத் தொடங்கிய காய்களைப் பறித்துவிடுங்கள். அறைச் சூட்டில் பழுக்கும். குளிர்பெட்டி வேண்டாம். மணம் போய்விடும். செடியிலேயே பழுக்க விடும்போது மஞ்சள் வந்ததுமே பறிக்கும் தவறு பரவலானது. வெளிர் மஞ்சள் பொன் மஞ்சளாகி, அழுத்தினால் சற்றே இணங்கும்வரை பொறுங்கள். 1882-இல் லிவிங்ஸ்டன் விதை நிறுவனம் வெளியிட்ட கோல்டன் குயின் போன்ற சிலவற்றில் பூமுனையில், அதாவது காம்புக்கு எதிர்ப்பக்க நுனியில், இளஞ்சிவப்புச் சாயல் வரும். அது கலப்பின் அடையாளம் அல்ல, ரகத்தின் குணம்.

அமிலம் குறைவு என்பது நாக்கு சொல்லும் கதை. பல மஞ்சள் ரகங்களில் இனிப்பு தூக்கலாக இருப்பதால் புளிப்பு அடங்கித் தெரிகிறது, அளந்து பார்த்தால் சிவப்புக்கு நிகராகவே இருக்கலாம். நிறத்தை வைத்து இதை முடிவுசெய்ய முடியாது. அதனால் ஜாடியில் அடைத்துக் கொதிநீரில் பதப்படுத்துவதாக இருந்தால் எந்த நிறமானாலும் அரை லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி, ஒரு லிட்டருக்கு இரண்டு என்று எலுமிச்சைச் சாறு சேர்க்கவேண்டும். கையால் பிழிந்ததில் புளிப்பு பழத்துக்குப் பழம் மாறும், புட்டியில் விற்கும் சாறே இதற்குச் சரி.

அன்புடன்.